நாற்பது லிட்டர்

டாங்கிக்குள் விட்ட குச்சியை
மூன்றாம் முறையும் துடைத்து விட்டுப் பார்க்கிறேன்.
ஈரம் அதே கோட்டில் நிற்கிறது.
ஒரு சொட்டும் குறையவில்லை.

ஆறு வருடமாய் லுசாஜோ என் ஸ்கேனியாவை ஓட்டுகிறான்.
தார் எஸ் சலாம் துறைமுகத்தில் கந்தகம் ஏற்றினால்
துந்துமா எல்லையில் நாலு நாள் வரிசை,
ஜாம்பியா முழுக்கப் புழுதி,
லுபும்பாஷியில் இறக்கிவிட்டுத் திரும்புகையில் செம்புத் தகடு.
நடைக்கு நாற்பது லிட்டர் குறையும்.
முப்பத்தொன்பது இல்லை, நாற்பத்தொன்று இல்லை.
இரண்டு மஞ்சள் கேன்.
மகம்பாக்கோ தாண்டி, தைலமரத் தோப்பு முடிகிற இடத்தில்
வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால்
தாடையில் மச்சமுள்ள ஒருத்தி வாங்கிக்கொள்வாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால்
நானும் அவளிடம்தான் விற்றேன்,
பதினோரு வருடம், வேறொருவர் வண்டியிலிருந்து.
குழாயை வாய்வைத்து உறிஞ்சிய நாக்கில்
இன்றைக்கும் டீ டீசலாய்த்தான் இறங்குகிறது.

கேட்பேன்: "எங்கே நாற்பது?"
"கிடோங்கா ஏற்றம் குடித்துவிட்டது பாஸ்."
"போன நடையிலும் அதுதானே குடித்தது?"
"மலைக்குத் தாகம் அடங்குமா பாஸ்?"
நோட்டில் எழுதுவேன்: மலை, 40.
வாடகை பேசும்போதே
மலைக்கும் சேர்த்துத்தான் பேசுவேன்.

கடன் கொடுத்த வங்கி
வண்டியில் ஒரு கருவியைப் பொருத்தியது.
என் போனில் சிவப்புப் புள்ளியாய் ஊர்வான்.
"தோப்போரம் பன்னிரண்டு நிமிடம் நிற்கிறதே?" என்றான் வங்கிப் பையன்.
"ஒன்றுக்கு."
"பன்னிரண்டு நிமிடமா?"
"சர்க்கரை வியாதி" என்றேன்.

போன மழைக்காலம்
அதே கிடோங்கா இறக்கத்தில் பிரேக் போனது.
குதித்திருக்கலாம்.
கிளீனர் பையனை வெளியே தள்ளிவிட்டு
வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான்.
செம்பு பிழைத்தது, வண்டி பிழைத்தது,
அவனுக்கு இரண்டு விலா எலும்பு.
ஆஸ்பத்திரிச் செலவில் பாதி தந்தேன்.
மறுபாதிக்குக் குறுக்கே தவணை வந்து நின்றது.
அவன் கேட்கவில்லை.
கேட்காததால் மறந்துவிட்டவனாய் இருக்க
எனக்குச் சுலபமாய் இருந்தது.

இந்த நடையில்
சிவப்புப் புள்ளி தோப்போரம் வந்தது,
வேகம் குறையாமல் கடந்தது.
அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

ஹெமேதி முதலாளியிடம் என் கடைசி நடையில்
நானும் ஒரு சொட்டுத் தொடவில்லை.
போகிறவன் கைசுத்தமாய்ப் போகவேண்டும் என்று
எங்கிருந்தோ வந்த ரோஷம்.
அவர் டாங்கியில் குச்சியை விட்டுப் பார்த்தார்,
துடைத்தார், மறுபடி விட்டார்,
நெடுநேரம் நிமிரவே இல்லை.
திருட்டு அகப்படாமல் கிழவர் திணறுகிறார் என்று
சாவியை விரலில் சுழற்றியபடி
உள்ளுக்குள் சிரித்தேன்.

இப்போது மொரோகோரோ ஷெட்டில்
நான் குனிந்திருக்கிறேன்.

எதிரே டயர் கடைக் குழாயில்
முகம் கழுவிக்கொண்டிருக்கிறான் லுசாஜோ.
சட்டையை மாற்றியிருக்கிறான்.
ரோட்டைத் தாண்டினால் என் மேசை,
மேசைக்கு வந்தால் சாவி.
போன் போடுகிறேன்.

"நாற்பது குறைகிறதே."

மறுமுனையில் குழாய் நின்றது.
அவனுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

"சரியாகப் பார்த்தீர்களா பாஸ்?"
"மூன்று முறை."

சிமெண்ட் லாரி ஒன்று ஹாரனோடு
எங்கள் இருவருக்கும் நடுவே போனது.
நீளமான லாரி.
கடைசிச் சக்கரம் விலகியபோது
அவன் அங்கேயேதான் நின்றிருந்தான்,
முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட,
இந்தப் பக்கம் பார்த்தபடி.

"அந்தக் கிடோங்கா ஏற்றம்..." என்று தொடங்கினான்.
முடிக்கவில்லை.

நோட்டைத் திறந்து
'மலை' என்று எழுதிவிட்டேன்.
எண்ணை அவன் சொல்லட்டும்.